மக்களைக் கேட்பது சரி, எப்போது கேட்பது?

நகரப் போக்குவரத்தை மாற்றியமைப்பது பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இரண்டு புகார்கள் தவறாமல் வரும். திட்டம் போடுகிறவர்கள் சொல்வது: "மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. அவரவர் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் இருக்குமா என்பதற்கு மேல் யாரும் யோசிக்க மாட்டார்கள்." தெருவில் குடியிருப்பவர்கள் சொல்வது: "எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவை அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள்." இரண்டையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. இரண்டுக்கும் ஊர் ஊராக உதாரணம் காட்டலாம். ஆனாலும் இந்தச் சண்டை எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேட்பதா வேண்டாமா என்றே இரு தரப்பும் மோதிக்கொள்கின்றன. எப்போது கேட்பது, கேட்ட பிறகு அந்தப் பதிலால் எதையாவது மாற்ற முடியுமா என்பதை யாரும் பேசுவதில்லை. ஒரே கேள்வியை அதே ஊர் மக்களிடம் ஆறு மாதம் முன்பின்னாகக் கேட்டால் பதில் தலைகீழாக மாறிவிடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

இதைப் பார்க்க நெரிசல் கட்டணத்தைவிடத் தோதான இடம் இல்லை. நகர மையத்துக்குள் காரில் நுழைய நேரத்தைப் பொறுத்துப் பணம் வாங்கும் ஏற்பாடு அது. போக்குவரத்துத் துறையில் இதைப்போல மக்கள் வெறுக்கும் யோசனை வேறில்லை. 2005 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ மாநகராட்சி இதை வாக்கெடுப்புக்கு விட்டது. நகரைச் சுற்றி இரண்டு கட்டண எல்லை வளையங்கள், ஒரு நாளைக்கு 2 பவுண்டு. 74 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், திட்டம் செத்தது. 2008 டிசம்பரில் மான்செஸ்டர் வட்டாரம் கேட்டது. பொதுப் போக்குவரத்துக்குப் பெரிய முதலீடும் கூடவே வரும் என்ற வாக்குறுதியோடுதான் கேட்டார்கள். அங்கேயும் ஏறத்தாழ 79 சதவீதம் எதிர்ப்பு. இந்த இரண்டையும் காட்டித்தான் "மக்களைக் கேட்டால் இதுதான் கதி" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த மக்கள் முன்னால் அப்போது என்ன இருந்தது என்று பாருங்கள். கட்டணம் எவ்வளவு என்பது பைசா சுத்தமாகத் தெரியும். பேருந்து சீக்கிரம் வருமா, தெரு அமைதியாகுமா என்பதெல்லாம் வரைபடத்திலும் துண்டுப் பிரசுரத்திலும் மட்டும் இருந்தது. இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது, லாபம் வாக்குறுதியாக நிற்கிறது. அந்த நிலையில் வேண்டாம் என்பது நியாயமான பதில்தான்.

ஸ்டாக்ஹோமின் ஏழு மாதங்கள்

ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம் இதைவிட மோசமான இடத்தில்தான் தொடங்கியது. 2002 தேர்தலில் நெரிசல் கட்டணம் வராது என்று சொல்லி ஜெயித்த மேயர் அனிகா பில்ஸ்ட்ரோம், தேசிய அளவில் பசுமைக் கட்சியோடு ஏற்பட்ட கூட்டணி ஒப்பந்தத்தால் அந்த வாக்கை மீற வேண்டியதாயிற்று. ஊரே கொதித்தது. அந்தக் கோபத்துக்குப் பதிலாக வந்த ஏற்பாடுதான் பின்னாளில் பாடமாகிவிட்டது: முதலில் ஒரு வெள்ளோட்டம், அது முடிந்ததும் நிறுத்திவிடுவது, அதற்குப் பிறகு வாக்கெடுப்பு.

வரிசை முக்கியம். 2005 ஆகஸ்டிலேயே பொதுப் போக்குவரத்தைக் கூட்டினார்கள். சுமார் 200 புதிய பேருந்துகள், 16 புதிய தடங்கள், புறநகர் ரயில் நிலையங்களில் கார் நிறுத்த கூடுதல் இடம். நாலு மாதம் இது மட்டும் தனியாக ஓடியது. அந்த நாலு மாதத்தில் கார்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. "பேருந்தை அதிகமாக்குங்கள், கார்கள் தானாகக் குறையும்" என்று நம்புகிறவர்கள் இந்தத் தகவலை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். பிறகு 2006 ஜனவரி 3 அன்று கட்டணம் தொடங்கியது. 18 எல்லைப் புள்ளிகளில் கேமரா. வார நாட்களில் காலை 6:30 முதல் மாலை 6:30 வரை, நேரத்துக்கேற்ப 10, 15, 20 குரோனா, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். நாளொன்றுக்கு உச்சவரம்பு 60 குரோனா. மாலையும் வார இறுதியும் இலவசம். ஜூலை 31 வரை.

ஒரு சின்ன விதியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். லீடிங்யோ என்ற தீவிலிருந்து நாட்டின் மற்றப் பகுதிகளுக்குப் போக ஒரே சாலை வழி, கட்டண வளையத்துக்குள் புகுந்துதான் போகும். வடக்கே போகிறவருக்கும் நகர மையத்தில் ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு கட்டணம் விழும். அந்தத் தீவுக்காரர்களின் எதிர்ப்பை அடம் என்று ஒதுக்காமல் ஒரு விதி எழுதினார்கள்: லீடிங்யோ பக்கத்துக் கேமராவையும் இன்னொரு கேமராவையும் 30 நிமிடத்துக்குள் கடந்துவிட்டால் கட்டணம் கிடையாது. எண் தகட்டைப் படிக்கிற கேமரா இருப்பதால் இதைச் செயல்படுத்துவது சாத்தியமாயிற்று. மக்கள் பங்கேற்பு என்ற பெரிய வார்த்தை தரையில் இறங்கும்போது இப்படித்தான் இருக்கும். யாரோ ஒருவர் வரைபடத்தைப் பார்த்து "என் வழி இதில் மாட்டிக்கொள்கிறதே" என்பார். அதற்கு நிமிடக் கணக்கில், மீட்டர் கணக்கில் ஒரு பதில் எழுத வேண்டும்.

எல்லையைக் கடக்கும் வண்டிகளை 10 முதல் 15 சதவீதம் குறைப்பது இலக்கு. குறைந்ததோ சுமார் 22 சதவீதம். குழப்பம் வரும், சுரங்க ரயில் பிதுங்கும் என்ற ஆரூடங்கள் பலிக்கவில்லை. தொடங்குவதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் கருத்துக் கணிப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இது தவறான முடிவு என்றிருந்தார்கள். 2006 மே மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் சரியான முடிவு என்றார்கள். வெள்ளோட்டம் அதுவரை செய்த வேலை பெரிது. அதைவிடப் பெரிய வேலையைச் செய்தது வெள்ளோட்டம் நின்றதுதான் என்பது என் கருத்து.

ஆகஸ்ட் 1 அன்று கேமராக்கள் பணம் வாங்குவதை நிறுத்தின. கார்கள் திரும்பி வந்தன. பழைய அளவை முழுதாக எட்டாவிட்டாலும் நெரிசல் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்தது. விடுமுறை முடிந்து, பள்ளியும் அலுவலகமும் திறந்து, பாலங்களில் வரிசை கட்டி நின்றபடி மக்கள் செப்டம்பர் 17 வாக்கெடுப்புக்குப் போனார்கள். கட்டணம் இருந்த ஊர், இல்லாத ஊர், இரண்டுமே அவர்கள் அனுபவத்தில் இருந்தன. நடுவில் ஏழே வாரம்தான் இடைவெளி என்பதால் மறந்துபோகவும் வழியில்லை. வெற்று வாக்குகளைக் கழித்துவிட்டால் ஸ்டாக்ஹோம் நகரில் சுமார் 53 சதவீதம் ஆதரவு. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமாயிற்று. மயிரிழையில் ஜெயித்ததுபோலத் தோன்றலாம். எடின்பரோவில் நாலில் மூன்று பேர் வேண்டாம் என்ற யோசனை இது என்பதை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. சுற்றியுள்ள பல நகராட்சிகள் தனியாக வாக்கெடுப்பு நடத்தின, அங்கே மொத்தத்தில் எதிர்ப்பே அதிகம். தினமும் காரில் உள்ளே வருகிறவர்கள் அவர்கள்தான், ஆனால் நகர நிர்வாகம் தன் எல்லைக்குள் விழுந்த வாக்கை மட்டுமே கணக்கில் எடுக்கும் என்று முன்பே சொல்லிவிட்டது. தேர்தலில் ஆட்சியும் மாறியது. புதிய அரசு கட்டணத்தைத் தொடர்ந்தாலும் வருவாயைப் புதிய சாலைகளுக்கென்று திருப்பியது. இந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்பதை மக்கள் முன் கறாராக வைத்திருந்தால் அந்த இடத்தில் இன்னும் உறுதியான பிடி இருந்திருக்கும்.

பதிலுக்கு இடமில்லாத கேள்வி

அதே நாட்டில் கோதன்பர்க் வேறு வழியில் போனது. 2013 ஜனவரியில் கட்டணம் நேரடியாக நடைமுறைக்கு வந்தது. வெள்ளோட்டம் கிடையாது. மக்கள் கையெழுத்து திரட்டி வாக்கெடுப்பு கேட்டார்கள், 2014 செப்டம்பரில் நடந்தது, 57 சதவீதம் எதிர்ப்பு. கட்டணம் அப்படியே தொடர்ந்தது. காரணம், அந்த வருவாயை நம்பித்தான் நகருக்கடியில் செல்லும் ரயில் சுரங்கம் உட்பட ஒரு பெரிய முதலீட்டுத் தொகுப்புக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கட்டணத்தை எடுத்தால் அந்த நிதித் திட்டமே குலைந்துவிடும். அந்த முதலீடு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ரயிலுக்குப் பணம் வேண்டும்தான். ஆனால் "இல்லை" என்ற பதிலைச் செயல்படுத்த முடியாது என்று தெரிந்த பிறகு கேட்கப்பட்ட கேள்வி அது. அப்படிக் கேட்பது கேட்காமலிருப்பதைவிடத் தீங்கு. அடுத்த முறை ஒரு சைக்கிள் பாதைக்காகக் கூட்டம் போட்டாலும் "இவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்" என்ற நினைப்போடுதான் மக்கள் வந்து உட்காருவார்கள்.

ஆகவே கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் முன்பு ஒரு தாளில் மூன்று பத்தி எழுதிவிட வேண்டும். முடிவாகிவிட்டவை எவை, ஏன். உங்கள் கருத்தால் மாறக்கூடியவை எவை. இந்த நிலவரம் வந்தால் திட்டத்தைத் திரும்பப் பெறுவோம் என்பவை எவை. மூன்றாவது பத்தியை எழுத நிர்வாகம் தயங்கினால் அங்கே நடக்கப்போவது கண்துடைப்பு.

தெரு அளவில் வெள்ளோட்டம்

நெரிசல் கட்டணம் பெரிய நகரங்களின் விவகாரம். ஒரு குடியிருப்புத் தெருவில் குறுக்கே புகுந்து போகும் கார்களைத் தடுப்பது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. இங்கேயும் அதே வரிசைதான், ஆனால் இங்கே பெரும்பாலும் சொதப்புவது முதல் கட்டம். தெருவை அடைக்கும் செடித் தொட்டிகளைக் கொண்டுவந்து வைப்பதற்கு முன்பே போக்குவரத்தை அளந்திருக்க வேண்டும். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களில், விடுமுறையும் திருவிழாவும் இல்லாத வாரத்தில், 15 நிமிடக் கூறுகளாக, நடப்பவர், சைக்கிள், இருசக்கர வண்டி, கார், சரக்கு வண்டி, பேருந்து என்று பிரித்து எண்ண வேண்டும். மாதம் மாறினால் போக்குவரத்தும் மாறும் என்பதால் பின்னால் ஒப்பிடும்போது அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். லண்டனில் 2020 கோடையில் பல வட்டாரங்கள் அவசரம் அவசரமாகத் தெருக்களை அடைத்தபோது இதில்தான் வழுக்கின. ஊரடங்கில் காலியாகக் கிடந்த சாலையின் எண்ணிக்கையை எதோடும் ஒப்பிட முடியாது. நன்மை நடந்தாலும் நிரூபிக்க முடியவில்லை, தீமை நடந்தாலும் மறுக்க முடியவில்லை. வாண்ட்ஸ்வொர்த் வட்டாரம் அதே ஆண்டு செப்டம்பரில் தன் திட்டங்களை நிறுத்தி வைத்தது.

எண்ண வேண்டியது அடைக்கப்படும் தெருவை மட்டும் என்று நினைத்தால் பெரிய தவறு. அதைச் சுற்றியுள்ள பெரிய சாலைகளில்தான் உண்மையான வாதம் நடக்கும். அங்கேயும் வீடுகள் இருக்கின்றன, பெரும்பாலும் வாடகை குறைவான வீடுகள். அங்கே நின்றுதான் மக்கள் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். எனவே எல்லைச் சாலையில் வண்டி எண்ணிக்கை, பேருந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக எடுக்கும் நிமிடங்கள், தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் வந்து சேர்ந்த நேரம், இவை மூன்றும் கட்டாயம். நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்க விலை குறைந்த உறிஞ்சு குழாய்கள் கிடைக்கின்றன. நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு மாத அளவை வைத்து எதுவும் சொல்லக் கூடாது, காற்றடிக்கும் திசையே அதைப் புரட்டிவிடும். அடைத்த சாலையின் வண்டிகள் அப்படியே அடுத்த சாலையில் போய்க் கொட்டும் என்பது பொதுவான பயம். பல நாடுகளின் 70க்கும் மேற்பட்ட இடங்களைத் தொகுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு, பாதி இடங்களில், மாற்றப்பட்ட சாலையில் முன்பு ஓடிய போக்குவரத்தில் 11 சதவீதமோ அதற்கு மேலோ சுற்றுவட்டாரத்திலும் காணாமலே போனது என்று காட்டியது. ஆனால் இது பல இடங்களைச் சேர்த்துச் சொல்லும் கணக்கு. உங்கள் எல்லைச் சாலை அதில் சேருமா என்பதை உங்கள் எண்ணிக்கைதான் சொல்லும்.

அடுத்தது பொருட்கள். சைக்கிளும் சக்கர நாற்காலியும் போக வேண்டும், கார் போகக் கூடாது என்றால் கம்பங்களுக்கு இடையே 1.5 மீட்டர் இடைவெளி. அதைவிடக் குறைத்தால் சரக்கு சைக்கிளும் இரட்டைக் குழந்தை வண்டியும் சிக்கும், கூட்டினால் சின்னக் கார் நுழைந்துவிடும். தீயணைப்பு வண்டி போக வேண்டிய வழி என்றால் நடுவில் பூட்டிக் கழற்றும் கம்பம். கழற்றிய பிறகு 3.5 மீட்டராவது தெளிவாக இருக்க வேண்டும். சாவி எந்த நிலையத்தில், யாரிடம் என்பதை எழுதி வாங்கிவிட்டு, கார்கள் நிறைந்து நிற்கும் இரவு நேரத்தில் நிஜத் தீயணைப்பு வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பகலில் காலியான தெருவில் ஓட்டிப் பார்ப்பதால் பயனில்லை. லேசான தொட்டிகள் ஒரே வாரத்தில் நகர்ந்துவிடும். மண் நிரப்பிய பிறகு நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத எடை வேண்டும். அடைத்த இடத்துக்கு முன்பாகக் கார் நிறுத்தத் தடைக்கோடு போடாவிட்டால், சைக்கிள் போக விட்ட இடைவெளியை யாராவது கார் வைத்து மறைத்துவிடுவார்கள். முட்டுத் தெருவாகிவிட்ட முனையில் குப்பை லாரி திரும்ப இடம் உண்டா என்பதை ஓட்டுநரையே அழைத்துக் கேட்பது நல்லது. வழிகாட்டிச் செயலிகளுக்கு முன்கூட்டியே தகவல் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாரம் முழுக்கச் சரக்கு வண்டிகள் பின்பக்கமாகவே வெளியேறிக்கொண்டிருக்கும், அந்த வீடியோதான் ஊரெல்லாம் சுற்றும்.

முதல் மூன்று வாரங்களின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஓட்டுநர்கள் புது வழியைப் பழகும் காலம் அது. இங்கிலாந்தில் சோதனைப் போக்குவரத்து ஆணை என்ற சட்ட ஏற்பாடு இதற்குத் தோதானது. அதிகபட்சம் 18 மாதம் நடைமுறையில் இருக்கலாம், ஆட்சேபணை சொல்ல முதல் ஆறு மாதம் அவகாசம். அதாவது மக்கள் கருத்து சொல்லும் காலம் தெரு மாறிய அன்றுதான் தொடங்குகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் இதையே சாக்காக வைத்து முன்னறிவிப்பே இல்லாமல் இறங்கினால் பகைதான் மிஞ்சும். பார்சலோனாவில் 2016 செப்டம்பரில் பொப்லெனோ பகுதியின் 'சூப்பர் பிளாக்' அப்படித்தான் தொடங்கியது. ஒன்பது கட்டடத் தொகுதிகளுக்குள் குறுக்குப் போக்குவரத்தைத் தடுத்து, கட்டடக்கலை மாணவர்கள் பழைய டயர்களையும் தொட்டிகளையும் வைத்தார்கள். போதிய விளக்கம் இல்லாமல் ஊர் மாறிவிட்டதாகக் குடியிருப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிற்பாடு பெஞ்சு, மேசை, விளையாட்டுத் திடல், மரங்கள் வந்த பிறகே அந்த இடம் நிலைத்தது. வெள்ளோட்டத்தின் முதல் நாளே உட்கார ஒரு நல்ல இடமும் நிழலும் இருக்க வேண்டும் என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம். தடுப்பை மட்டும் காட்டினால் மக்கள் தடுப்புக்குத்தான் மதிப்பெண் போடுவார்கள்.

யாரைக் கேட்கிறோம்

மாலை ஆறு மணிக்குக் கூட்டம் போட்டால் யார் வருவார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கார் வைத்திருப்பவர், கடைக்காரர், ஓய்வு பெற்றவர். பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருப்பவரும், குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருப்பவரும், இரவுப் பணிக்குக் கிளம்புபவரும் வர மாட்டார்கள். இதற்கு மாற்றாக வாக்கெடுப்பே போதும் என்று நினைப்பதும் சரியாக வராது. பாரிஸ் 2024 பிப்ரவரியில் பெரிய கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்று கேட்டது. 54.5 சதவீதம் ஆம் என்றார்கள், ஆனால் வாக்களித்தவர்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் கட்டணம் முக்கியமாக விழப்போவது வெளியிலிருந்து வருகிறவர்கள் மேல், அவர்களுக்கு வாக்கே இல்லை. அந்த முடிவை நான் வரவேற்கிறேன். ஆனாலும் அது நிற்கும் தரை மெல்லியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

செலவு குறைவான ஒரு வழி, கேட்க வேண்டியவர் நிற்கும் இடத்துக்கே போவது. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம், பள்ளி விடும் வேளையில் அரை மணி, மருந்துக்கடை வாசலில் ஒரு மணி. ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். கடைத்தெருவில் கேட்கும்போது கல்லாவுக்கு இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். பிரிட்டனின் பிரிஸ்டலில் கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கணித்தார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது 22 சதவீதம்தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. காரில் வந்தவர் "நிறுத்த இடமே கிடைக்கவில்லை" என்று அலுத்துக்கொள்வார், நடந்து வந்தவர் எப்படி வந்தேன் என்று சொல்வதில்லை. இந்த இரண்டு எண்ணையும் ஒரே தாளில் அச்சடித்து அந்தக் கடைகளுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, பத்து கூட்டங்கள் செய்யாததைச் செய்யும். அதிகாரியைவிட அடுத்த கடைக்காரர் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் நல்லது.

குடியிருப்பவர்களே முன்னின்று நடத்தியதற்கு பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து 'வாழும் தெரு'க்கள் நல்ல மாதிரி. 2013ல் இரண்டு தெருக்களில் தொடங்கியது. சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ தெருவை அங்கே வசிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். செயற்கைப் புல், பெஞ்சு, பிள்ளைகள் விளையாட இடம். ஆனால் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிப் பேசியாக வேண்டும். கார்களை வேறெங்கே நிறுத்துவது என்று ஏற்பாடு செய்ய வேண்டும். ஆம்புலன்சுக்கு வழி விட வேண்டும். முடிகிற தேதி முதலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் விருப்பமில்லாதவரும் "சரி, செப்டம்பர் வரைக்கும்தானே" என்று ஒத்துக்கொள்ள முடிகிறது. அந்த நகரம் 2017 ஏப்ரலில் மையத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாமல் செய்தபோது, காரில்லாத தெரு எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே வாழ்ந்து பார்த்தவர்கள் ஊரில் இருந்தார்கள். அப்படியும் எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது, பொறுப்பிலிருந்த துணை மேயருக்குக் கொலை மிரட்டல் வரை போனது.

முடிவுத் தேதி குறிப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தொட்டிகளையும் கம்பங்களையும் அகற்றவும், கோடுகளை அழிக்கவும், பழைய பலகைகளைத் திரும்ப மாட்டவும் ஆகும் செலவைப் பலர் பட்ஜெட்டில் வைப்பதில்லை. பணம் இல்லாததால் வெள்ளோட்டம் தேதி தாண்டி ஓடுகிறது, "தற்காலிகம் என்றீர்களே" என்று கேட்பவருக்குப் பதில் இல்லாமல் போகிறது. வைப்பதற்கான மதிப்பீட்டிலேயே எடுப்பதற்கான தொகையையும் தனி வரியாக எழுதி, எந்தெந்த அளவு தாண்டினால் எடுப்போம் என்பதையும் பக்கத்திலேயே குறித்து, தெருமுனையில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எல்லைச் சாலையில் பேருந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் தாமதமானால் சிக்னல் நேரத்தை மாற்றுவோம், ஆறு வாரத்தில் சரியாகாவிட்டால் இந்த முனையைத் திறப்போம் என்கிற அளவுக்குத் தெளிவாக எழுதினால் போதும்.